ராஜாத்தியும் கூட வந்தாள்

2023 மே மாதம். என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "கோயமுத்தூருக்கு மாத்திட்டாங்க" என்றார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எட்டு மாதக் கைக்குழந்தையின் தடுப்பூசித் தேதி. ஒன்பது வயதுப் பெரியவனுக்கோ வேறு கவலை. "அப்போ ராஜாத்தி?" என்று கேட்டான்.

ராஜாத்தி எங்கள் வீட்டு ஆமை. பெரியவனின் ஐந்தாவது பிறந்த நாளுக்கு வண்ண மீன் விற்கும் கடையில் வாங்கியது. கண்ணுக்குப் பின்னால் குங்குமம் தீற்றியதுபோல ஒரு சிவப்புக் கோடு. வாங்கும்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. "இதுக்கு மேல அவ்வளவா வளராதுங்க" என்றார் கடைக்காரர். நாலே வருஷத்தில் ஓடு மட்டும் முக்கால் சாண் நீளம் ஆகிவிட்டது. தூக்கினால் ஒரு கிலோவை நெருங்கும் கனம். முதலில் ராஜா என்றுதான் பெயர் வைத்தோம். ஆண் ஆமைக்கு முன்னங்கால் நகங்கள் நீளமாக இருக்குமாம். எங்கள் ராஜாவுக்கோ குட்டை நகம். "இது பொண்ணும்மா" என்று டாக்டர் சொன்ன அன்று ராஜாத்தி ஆனாள்.

மாற்றல் செய்தி பரவியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "கோவில் குளத்தில விட்டுடலாம்மா. அங்கதான் ஏற்கெனவே ஆமைங்க இருக்கே. புண்ணியமாவும் போகும்" என்றார் என் கணவர். கோவையிலிருந்து மாமியார் போனில், "ஆமை புகுந்த வூடும் அமீனா புகுந்த வூடும் உருப்படாதும்பாங்க அம்மணி. அதையும் தூக்கிக்கிட்டு வரோணுமா?" என்றார்.

எனக்கும் உள்ளூரக் குளம்தான் சரி என்று பட்டது. கைக்குழந்தை, நாற்பது அட்டைப்பெட்டி, அக்கினி நட்சத்திர வெயில். இதற்கு நடுவே ஆமையா? ஆனால் பெரியவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவனையும் ஆமையையும் அழைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனேன்.

குளத்தில் விடுவது புண்ணியமா?

டாக்டர் சிரித்தபடிதான் பேசினார். ஆனால் அவர் சொன்னது எனக்குச் சுரீரென்று தைத்தது. இந்தச் சிவப்புக் காது ஆமை நம் ஊர் ஜாதியே இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது. குட்டியாக இருக்கும்போது அழகுக்கு வாங்கி, வளர்ந்ததும் குளத்தில் கொண்டுபோய் விடுவது உலகம் முழுக்க நடக்கிறதாம். அப்படி விடப்பட்ட இடங்களில், உள்ளூர் ஆமைகளுக்குப் போட்டியாக இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடித்துக்கொள்கிறது. புது நோய்களையும் கொண்டுபோகிறது. உலகில் மிக மோசமாகப் பரவும் அந்நிய உயிரினங்கள் நூற்றின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

"புண்ணியம்னு நெனச்சு அந்தக் குளத்துக்கே கெடுதல் பண்ணிடுவீங்க. இன்னும் இருபது முப்பது வருஷம் இருக்கப்போற ஜீவன் இது. உங்களால முடியலைன்னா நல்லா வளர்க்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுங்க. தண்ணியில மட்டும் விடாதீங்க" என்றார்.

பெரியவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆசைப்பட்டு வாங்கியது நாங்கள். அலுத்துப் போனதும் அதைக் குளத்தின் தலையில் கட்டுவதா? "எங்களோடயே கூட்டிட்டுப் போறோம் டாக்டர். எப்படின்னு மட்டும் சொல்லிக் கொடுங்க" என்றேன்.

நான் நினைத்ததெல்லாம் தப்பு

தண்ணீரில் வாழும் ஆமைதானே, வாளியில் பாதித் தண்ணீர் ஊற்றி உள்ளே விட்டு, வழியில் பசிக்குமே என்று தீனியையும் கட்டி எடுத்துக்கொண்டால் சரி என்றுதான் எண்ணியிருந்தேன். அம்மாக்களின் புத்தி அப்படித்தானே போகும்?

டாக்டர் இரண்டையும் வேண்டாம் என்றார். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. ஓடுகிற வண்டியில் தண்ணீர் தளும்பி, புரண்டு விழுந்து நிமிர முடியாமல் போனால் மூழ்கிப்போகும். அந்தத் தண்ணீரும் கழிவு கலந்து சீக்கிரம் கெட்டுவிடும். பெரிய, ஆரோக்கியமான ஆமை ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்கு வெளியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அடியில் ஈரத் துணி இருந்தால் போதும்.

சாப்பாடும் அப்படித்தான். நம் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆமை, பல்லி, பாம்புகளுக்கு அந்த வசதி இல்லை. சுற்றியிருக்கும் சூடுதான் அவற்றின் உடம்புச் சூடு. சரியான சூடு இல்லாவிட்டால் வயிற்றில் இருப்பது ஜீரணமாகாது. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாளிலிருந்தே தீனியை நிறுத்திவிட வேண்டும். "பட்டினியால ஒண்ணும் ஆகாதும்மா. சூடு, குளிர், அதிர்ச்சி, இந்த மூணும்தான் ஆபத்து" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தோம். மூடியுள்ள, வெளிச்சம் ஊடுருவாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கினோம். ஆமை திரும்பிப் படுக்க மட்டும் இடம் இருந்தது. ரொம்பப் பெரிய டப்பாவானால் வண்டி திரும்பும்போதெல்லாம் உருண்டு அடிபடுமாம். பக்கவாட்டில் சூட்டுக்கோலால் காற்றுத் துளைகள் போட்டேன். துளை விளிம்பு உள்பக்கம் குத்தாமல் தேய்த்துவிட்டேன். அடியில் நனைத்துப் பிழிந்த பழைய துண்டு, மேலே இன்னொன்று. மீன் தொட்டிக்கு வைக்கும் சின்னத் தெர்மாமீட்டரின் ஒயரை உள்ளே விட்டோம். 24 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இருட்டில்தான் ஆமை அடங்கிக் கிடக்குமாம். அதனால், "சும்மா சும்மா திறந்து பார்க்கக் கூடாது" என்று பெரியவனிடம் சத்தியம் வாங்கினேன்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

இன்னொரு விஷயமும் டாக்டர் அழுத்திச் சொன்னார். பார்க்க எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது ஆமையை ஒன்றும் செய்யாது. ஆனால் சின்னக் குழந்தைகளுக்குக் கடும் பேதியும் காய்ச்சலும் கொண்டுவரும். இப்படிக் குழந்தைகள் நோய்ப்பட்டதால்தான் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குட்டிகளை விற்கக் கூடாது என்று 1975-லேயே அமெரிக்காவில் தடை போட்டார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆமையைத் தொட விடவே கூடாது. பெரியவர்கள் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைப் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. (இத்தனை நாள் நான் அங்கேதான் கழுவிக்கொண்டிருந்தேன்!)

ஆகவே டப்பாவை முன் இருக்கையின் கால் வைக்கும் இடத்தில், நகராதபடி இரண்டு பைகளால் முட்டுக் கொடுத்து வைத்தோம். ஏ.சி. காற்று நேராக அடிக்காமல் திருப்பிவிட்டோம். சின்னவள் பின்னால் தன் குழந்தை இருக்கையில். அவளுக்கும் பெரியவனுக்கும் நடுவில் நான். பால் பாட்டில் பை என் மடியில். ஆமைச் சாமானுக்குத் தனிப் பை.

ஆத்தூரில் பன்னிரண்டு நிமிஷம்

விடிகாலையில் சென்னையை விட்டுக் கிளம்பினோம். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை வரை ஒரு தொல்லையும் இல்லை. தெர்மாமீட்டர் 27-ஐ விட்டு அசையவில்லை. கள்ளக்குறிச்சி தாண்டி டயர் பஞ்சர். ஆத்தூரை அடையும்போது உச்சி வெயில். சின்னவள் வீறிட்டு அழுதாள். "ஒரு காபி குடிச்சிட்டு, பாப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துட்டு உடனே கிளம்பிடலாம்" என்றார் அவர். கண்ணாடிகளை ஒரு விரல்கடை இறக்கிவிட்டுப் பூட்டினோம்.

ஓட்டலில் உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டும்போது அவள் நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. இவளுக்கு வேர்க்கிறது. துடைக்க நான் இருக்கிறேன். வேர்வையே இல்லாத ஒரு ஜீவன் பூட்டிய காருக்குள் இருக்கிறதே!

குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. தெர்மாமீட்டரில் 34. டப்பாவுக்குள் 'பர் பர்' என்று பிறாண்டும் சத்தம். காலையிலிருந்து கல்லாட்டம் கிடந்தவள், வழி தேடி முட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் போய்ப் பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

டப்பாவோடு வேப்ப மர நிழலுக்குத் தூக்கிப்போய் மூடியைத் திறந்தேன். பின்னாலேயே ஓடி வந்த பெரியவன் ஐஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். நல்ல வேளை, டாக்டர் சொன்னது நினைவிருந்தது. சட்டென்று குளிர வைப்பதும் ஆபத்து. சாதாரணத் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து மேலே போட்டேன். கொஞ்ச நேரத்துக்கொரு தடவை மாற்றிப் போட்டேன். அரைமணி கழித்து 29-க்கு இறங்கியது. பிறாண்டல் நின்று, தலையை மெல்ல நீட்டி என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. கண்ணாடியை விரல்கடை இறக்குவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. ஆமையென்ன, தூங்குகிற குழந்தையென்ன, 'இதோ வந்துடறேன்' என்று நிறுத்திய வண்டிக்குள் விட்டுப்போகக் கூடாது. இதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே.

அப்புறம் சேலம், பவானி, அவினாசி எங்கே நின்றாலும் ஒருவர் வண்டியில், ஏ.சி.யோடு.

வந்து சேர்ந்த பிறகு

கோவை வீட்டில் எனக்கு ஓர் ஆச்சரியம். புழக்கடைத் திண்ணையில் பெரிய தொட்டி. அதில் முந்தின நாளே பிடித்து வைத்து, மேலே பழைய வேட்டியால் மூடிய தண்ணீர். குழாய்த் தண்ணீரின் குளோரின் போக ஒரு நாள் இருக்கட்டும் என்று நான் போனில் சொன்னதை மாமியார் அட்சரம் பிசகாமல் செய்திருந்தார். ஏறி உட்கார ஒரு கல்லும் போட்டிருந்தார். டப்பாவைச் சிறிது நேரம் நிழலில் வைத்துவிட்டு, ஆழமில்லாத தண்ணீரில் ராஜாத்தியை இறக்கினோம். அன்று தீனி கிடையாது.

மறுநாள் வைத்தும் தொடவில்லை. புது இடத்தில் சில நாள் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியாருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பச்சைப் புள்ளையாட்டம் பட்டினி கெடக்குதே" என்று தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஆமையோ வேறு ஊர்வனவோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்க் குளத்து ஆமையையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படி இருந்தால் வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள். இக்வானா, மலைப்பாம்பு மாதிரி வெளிநாட்டுப் பிராணிகள் பலவற்றை 2024-ல் வந்த விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊர் மாறும் முன் அந்தக் காகிதங்களையும் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் காலை நான் அடுப்படியில் இருந்தேன். "அம்மணி, இங்க வா! தின்னுட்டா!" என்று மாமியாரின் குரல். போய்ப் பார்த்தால் ராஜாத்தி தீனி உருண்டையைக் கவ்விக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் முக்காலி போட்டு மாமியார்.

"ஆமை வந்து நாலு நாளாச்சு. அமீனாவைத்தான் இன்னும் காணோம்" என்றார், சிரிக்காமலே.