உகாதிப் போளி

1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. எல்லை மாறினும் அடுக்களை மாறவில்லை. தெலுங்கர் ஓளிகலு என்பதையே இங்குள்ள தமிழராகிய நாங்கள் போளி என்கிறோம்; உகாதிக்கு அது இல்லாத வீடில்லை.

பெரியப்பாவுக்கு நீரிழிவு கண்டபின், போளியை விடுவதா, திருத்துவதா என்ற வினா எழுந்தது. திருத்தத் துணிந்தோம். மைதாவைப் பிசைந்து எண்ணெயில் மிதக்கவிடும் வழக்கத்தை ஒழித்து, கோதுமை மாவு மூன்று பங்கும் இச்சீமையின் கேழ்வரகு மாவு ஒரு பங்கும் கொண்டோம். கேழ்வரகு மாவு இழுபடாது. மிகுந்தால் தட்டும்போதே போளி கிழியும். ஆகவே பிசைந்த மாவை இரண்டு மணி நேரம் ஊறவிட்டோம். கடலைப்பருப்பை விரலிடையில் நசுங்குமளவே வேகவைத்து, நீரை முற்றும் வடித்தோம். (அந்நீரில் வைக்கும் ரசத்துக்காகவே பண்டிகையை எதிர்பார்ப்பாரும் உண்டு.)

சித்தூர் வெல்லத்துக்குப் பேர்போனது. "வெல்லம் ஒன்றும் செய்யாது" என்று திருப்பதியிலிருந்து வரும் உற்றார் உறுதி கூறுவர். நீரிழிவு அவர்கள் பேச்சைக் கேட்பதில்லை. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே. எனவே பருப்புக்குச் சமமாக இட்டுவந்த வெல்லத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம், ஏலத்தைக் கூட்டினோம். தோசைக்கல்லில் நெய் சில சொட்டுகள், போளி உள்ளங்கையளவு.

உண்டு பார்த்த பெரியப்பா, "இது போளிக்கு ஒன்றுவிட்ட தங்கை" என்றார். நகைத்தோம். மாவைவிடக் கடினமாயிருந்தது, "இன்னொன்று வைக்கட்டுமா?" என்று கேளாதிருப்பதே. இவ்வாண்டு பதின்மூன்று போளிகளே சுட்டோம்: அறுவருக்கு இரண்டிரண்டு, அவருக்கு ஒன்று.