நாலாவது தெரிவு

என்னுடைய தம்பி ஒரு கூடைப்பந்து அணியை நடத்துகிறான் என்று சொன்னால் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். 2009 ஆம் ஆண்டு மாசி மாதம் வன்னியில் ஷெல் துண்டு பட்டு முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவன் அவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவனுடைய அணி இருப்பது கைத்தொலைபேசிக்குள்.

'பாஸ்கெட்போல் ஜீ.எம்.' என்று இணையத்தில் ஒரு விளையாட்டு. காசு கட்டத் தேவையில்லை. அதில் பந்தை நாங்கள் எறிவதில்லை. யாரை எடுப்பது, என்ன சம்பளம் கொடுப்பது, யாரை விடுவது என்று முடிவெடுப்பது மட்டுந்தான் எங்கள் வேலை. ஆட்டத்தைக் கணனி ஆடி முடித்துப் புள்ளியைத் தரும். தம்பியோடு எட்டுப் பேர் ஒரு லீக்காகச் சேர்ந்திருக்கிறார்கள். கனடாவில் ஒருவர், மட்டக்களப்பில் இருவர், மற்றவர்கள் இங்கே. பொறுப்பான ஒருவர் எல்லோருடைய முடிவுகளையும் வாங்கிப் பதிந்து, பருவத்தை ஓடவிடுவார். எங்கள் லீக்கில் ஒரு பருவம் முடிய இரண்டு மாதம் எடுக்கும்.

நான் இதற்குள் வந்தது படுக்கைப்புண்ணால். மூன்று வருடத்துக்கு முன் தம்பிக்குப் புண் பெரிதாகி மூன்று மாதம் குப்புறப் படுக்க வேண்டியதாகிவிட்டது. போனைப் பிடித்துப் பார்க்க முடியவில்லை. "அக்கா, பட்டியலை வாசியுங்கோ" என்றான். வாசித்தேன்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் ஒவ்வொரு வருடமும் புதிய இளைஞர்களை அணிகள் முறை வைத்துத் தெரிவு செய்யும். 30 அணிகள், இரண்டு சுற்று. அதிகம் தோற்ற அணிக்கு முதலில் எடுக்கும் வாய்ப்பு கூட. இந்த விளையாட்டும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, அதன்பின் 15 புள்ளிகள்: உயரம், பலம், வேகம், பாய்ச்சல், தூரத்திலிருந்து எறிதல், பந்து கொடுத்தல் என்று. முடிவில் இரண்டு பெரிய எண்கள். ஒன்று இப்போதைய திறன், மற்றது எவ்வளவுக்கு வளரலாம் என்ற கணிப்பு.

முதலில் எனக்கு இது மாட்டுச் சந்தை போலத்தான் பட்டது. பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவார்களே, அதுபோல. ஆனால் மாடு வளர்த்தவளுக்கு இந்தக் கணக்கு விளங்கும். வாங்குவது கன்றா, கறக்கிற மாடா என்பதுதான் கேள்வி. உயரத்தின் பெறுமதியை வலைப்பந்து பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குலம். 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். உயரம் பழக்கி வருவதில்லை. பலம் வயதோடு கூடும். வயது போனால் வேகமும் பாய்ச்சலும் முதலில் குறையும். எறிகிற கை கனகாலம் நிற்கும். இவ்வளவையும் அந்த மூன்று மாதத்தில் வாசித்து வாசித்தே பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பருவம் எங்களுக்கு நாலாவது தெரிவு. மிஞ்சியிருந்தவர்களில் இரண்டு பேரில் எங்கள் கண் நின்றது. ஒருவருக்கு 22 வயது, திறன் 49, கணிப்பு 54. மற்றவருக்கு 19 வயது, திறன் 38, கணிப்பு 66.

"பெரியவனை எடு தம்பி. நாளைக்கே விளையாடுவான்" என்றேன். நாள் சம்பளத்துக்குப் போய் அடுப்பெரித்தவளுக்கு நாளைக்கு என்பதுதான் கணக்கு.

"இல்லை அக்கா, சின்னவன்" என்று பிடிவாதமாக நின்றான். சின்னவனையே எடுத்தோம். நாலு பருவம் சம்பளம் கொடுத்தோம். அவர் 46 ஐத் தாண்டவில்லை. நான் சொன்னவர் வேறோர் அணிக்குப் போய், 54 என்ற கணிப்பையும் மீறி 58 வரை வந்தார். நான் இரண்டு நாள் இதைச் சொல்லிக் காட்டினேன், மறைக்க மாட்டேன். அடுத்த தெரிவில் என் சொல்லுக்கு 22 வயதுக்காரர் ஒருவரை எடுத்தோம். நாங்கள் விட்ட 19 வயதுக்காரர் கனடாக்காரரின் அணியில் 71 க்கு வளர்ந்து எங்களையே மூன்று தரம் தோற்கடித்தார். தம்பி ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

பிறகுதான் ஒரு விஷயம் சொன்னான். திரையில் தெரியும் புள்ளிகள் சரியான புள்ளிகளே அல்லவாம். விளையாட்டைச் செய்தவர் வேண்டுமென்றே கொஞ்சம் பிழை கலந்து வைத்திருக்கிறார். ஆட்களைத் தேடிப் பார்ப்பதற்கு அணி கூடுதலாகச் செலவழித்தால் அந்தப் பிழை குறையும். இல்லாமற் போகாது. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் பொய்க்கணக்கையா வாசித்தேன்?

"உண்மையிலும் அப்படித்தானே அக்கா" என்றான். 1984 இல் போர்ட்லாந்து அணிக்கு இரண்டாவது தெரிவு. கூடைக்கு அருகில் நிற்க உயரமான ஆள் வேண்டுமென்று சாம் போவியை எடுத்தார்கள். அவர் ஏற்கெனவே கால் முறிந்து இரண்டு பருவம் ஆடாமல் இருந்தவர். மூன்றாவதாகச் சிக்காகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டானை. அவரோடு அந்த அணி ஆறு தடவை வென்றது. சேர்பியாவின் நிக்கோலா யோக்கிச் உயரப் பாயாதவர், வேகமும் குறைந்தவர். 2014 இல் 41 ஆவதாக அவர் பெயரை அறிவித்தபோது அமெரிக்க ரி.வி.யில் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. 2021, 2022, 2024 ஆகிய மூன்று வருடமும் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். டென்வர் அணி 2023 இல் கிண்ணம் வென்றதும் அவரால்.

"பாத்தவையின்ர பிழை, அவையளின்ர பிழை இல்லை" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தான். பிறகு, "அந்தப் படிவம் நிறப்பேக்க எனக்கும் 19 தானே அக்கா?" என்றான்.

அவனுக்கு அது தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. 2010 இல் ஓர் அலுவலர் வந்து தம்பியைப் பார்த்து ஒரு படிவம் நிரப்பினார். கட்டிலருகே பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. கையெழுத்து வைத்தது நான். 'எதிர்காலத்தில் செய்யக்கூடிய தொழில்' என்ற இடத்தில் எழுத்தில்லை, ஒரு கோடு. ஏன் கோடு என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. தம்பி படுத்திருந்தபடியே பார்த்திருக்கிறான்.

என்ன சொல்வது என்று தெரியாமல் புண்ணுக்கு மருந்து கட்டினேன். அவனும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது புண் ஆறிவிட்டது. பின்னேரங்களில் விறாந்தையில் 11 பிள்ளைகளுக்குச் சாதாரண தரக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறான். யார் தேறுவார் என்று தாய்மார் கேட்டால், "இன்னும் பாக்க வேணும்" என்று மட்டும் சொல்லுவான். போனை அவனே பிடிக்கலாம். ஆனாலும் தெரிவு நாளில் பட்டியலை நான்தான் வாசிக்க வேண்டும்.

நேற்று இரவு எங்களுக்கு 11 ஆவது தெரிவு.

"புள்ளியைச் சொல்லுங்கோ அக்கா" என்றான்.

"பொறு தம்பி, முதல் வயசைக் கேள்" என்று தொடங்கினேன்.