ஆரல்வாய்மொழி: மழை நின்றுவிடும் இடம்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுகிறவர்கள் காவல்கிணறு தாண்டியதும் தூங்காமல் இருப்பது நல்லது. அதுவரை சிவந்த மண், பனை, உடைமரம். முப்பந்தலில் காற்றாலைகள் நெருங்கி நிற்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து தோவாளையை எட்டினால் குளம், வயல், தென்னை. அரை மணி நேரத்துக்குள் வேறொரு நாடு.

ஒருகாலத்தில் உண்மையிலேயே வேறு நாடுதான். திருவிதாங்கூரின் கிழக்கு வாசல் ஆரல்வாய்மொழி. 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த கம்பெனிப் படை இங்கிருந்த கோட்டை அரணைப் பிடித்துத்தான் உள்ளே நுழைந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது எல்லை மேற்கே களியக்காவிளைக்குப் போய்விட்டது. மழையின் எல்லை மட்டும் நகரவில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, வெறுங்காற்றாகக் கணவாயில் பாய்கிறது. அதனால் கணவாய்க்கு மேற்கே உள்ள நாஞ்சில் நாட்டுக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். கிழக்கே ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையை விட்டால் வேறு கதியில்லை. அங்கே வீசும் வறண்ட காற்றுக்கும் ஒரு விலை கிடைத்தது 1990-களில்தான். இன்று முப்பந்தல் வட்டாரக் காற்றாலைகளின் திறன் சுமார் 1,500 மெகாவாட்.

சோறும் சொத்தும்கூட மண்ணைப் பார்த்தே அமைந்தன என்பது என் எண்ணம். மேற்கே தேங்காய் வறுத்தரைத்த தீயலும் மட்டிப்பழமும். கிழக்கே கருப்பட்டியும் நல்லெண்ணெயும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் நிலம் மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போனது. கவிமணி அதைக் கிண்டலடித்து ஒரு மான்மியமே பாடினார். கணவாய்க்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு இந்த மருமக்கள் வழி விசித்திரமாகத்தான் பட்டிருக்கும்.

ஆனால் சாமிகளுக்குக் கணவாய் குறுக்கே நிற்கவில்லை. முப்பந்தல் இசக்கியம்மன் இரு பக்கத்தாருக்கும் பொது. கொடைவிழா என்றால் வில்லுப்பாட்டு இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. 1752-இல் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலைக்கும் இரு பக்கத்திலிருந்தும் ஆள் வருகிறது. 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு கேட்கவே வேண்டாம்.

இரண்டு மண்ணும் தினமும் பேரம் பேசும் இடம் பக்கத்துத் தோவாளைப் பூச்சந்தை. உள்ளூர்ப் பிச்சியோடு கிழக்கிலும் வடக்கிலும் விளைந்த பூக்கள் விடியுமுன் வந்து இறங்குகின்றன. வாங்குவோரில் பலர் மலையாளிகள். ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போடும் நாட்களில் விலை ஏறும்; அந்தப் பத்து நாளும் உள்ளூர்க்காரர்கள் முழம் கேட்கவே யோசிப்பார்கள்.