விலாவுக்கு அடியில் விரல்கள்

ஏர்பேட்டுச் சுற்றுக் கிராமங்களிலிருந்து இளைப்போடு வருகிற பெண்களில் பலர் பீடியைத் தொட்டதே இல்லை. விறகடுப்பு முன்னால் கழிந்த வருஷங்கள்தான் அவர்கள் நெஞ்சைக் கெடுத்தன. அவர்களுக்கு வந்திருக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பில் சிக்கல் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதில்தான் அதிகம். விட முடியாத காற்று தேங்கத் தேங்க நெஞ்சுக்கூடு விரிந்தே நிற்கும். கவிழ்த்த கிண்ணமாக இருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகி, அதன் வேலை கழுத்துத் தசைகளின் தலையில் விழும். தொட்டால் அவை கயிறாக விறைத்திருக்கும்.

நான் முதலில் கைவைப்பது அந்தக் கழுத்தில். அது கொஞ்சம் இளகியபின் நோயாளியைச் சாய்வாகப் படுக்கவைத்து, தலைமாட்டில் நின்று, இரு கைகளின் கடைசி மூன்று விரல்களையும் விலாக்கூட்டின் கீழ்விளிம்பில் வைப்பேன். மூச்சை இழுக்கும்போது விலாவோடு சேர்ந்து மெதுவாக மேலே தூக்க வேண்டும். விடும்போது விரல்கள் விளிம்புக்கு உட்புறம் கொஞ்சம் ஆழ இறங்க வேண்டும். அவசரப்பட்டால் வயிறு இறுகிக்கொள்ளும், அன்றைய வேலை போச்சு. அவர் மூச்சின் தாளத்துக்கு என் கை போக வேண்டுமே தவிர, என் தாளத்துக்கு அவரை இழுக்கக் கூடாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன்தான் நானும். விரலுக்கு வர நாளாயிற்று.

பிரேசிலில் இந்த முறையைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். 6 அமர்வுகளில் உதரவிதானத்தின் அசைவு கூடியது. 6 நிமிட நடையில் சுமார் 22 மீட்டர் அதிகம். ஆனால் சோதனையில் இருந்தவர்கள் 20 பேர்தான். இதை வைத்துச் சர்வரோக நிவாரணி என்று போர்டு மாட்டுவது எனக்குப் பிடிக்காது. சிதைந்த காற்றறைகளை எந்தக் கையும் மீட்காது. கிடைக்கிற சிறு தளர்வை வீணாக்காமல், எழுந்ததும் உதட்டைக் குவித்து ஊதியபடி நடக்கவைப்பேன். என் கணக்கில் பாதிக்கு மேல் சிகிச்சை அந்த நடைதான்.

பக்கத்துக் காளஹஸ்தியில் வாயுலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. நன்றாகக் கும்பிடட்டும், பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம். கைவேலையில் விலா முறியவும் கூடும். அப்படிச் சாப்பிட்டிருந்தால் படுக்கையில் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள்.