ஒற்றி நிலத்துக் கீரை

ஊழி வெள்ளம் வந்தபோது சிவன் அதை ஒற்றி நிறுத்தினாராம். திருவொற்றியூருக்குத் தலபுராணம் சொல்லும் பெயர்க்காரணம் இது. எனக்கு அந்தப் பெயரில் வேறொரு பொருளும் கேட்கும். ஒற்றி என்றால் அடமானம். ஊருக்கு மேற்கே, மணலிப் பக்கம், எங்கள் தெருவுக்குக் கூடை கொண்டுவரும் ஆயா கீரை போடும் அரை ஏக்கர் குத்தகை நிலம்தான். ஆனால் எந்த நாளும் மீட்டுக்கொண்டுபோகக் கூடிய அடகுப் பொருள் மாதிரியே கிடக்கிறது. “மனை போடப் போறோம்” என்று ஒரு சொல் வந்தால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

நான் அங்கே போகத் தொடங்கியது 2020 மே மாதம். கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடி, மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றியிருந்தார்கள். எங்கள் தெருவுக்குக் காய் வண்டி வரவில்லை. ஆயாவின் கூடை மட்டும் வந்தது. கூடையின் பின்னாலேயே ஒருநாள் நானும் போனேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் களை பிடுங்குவது என் வேலையாயிற்று.

“கத்திரி, வெண்டை போடக் கூடாதா ஆயா?” என்று கேட்டேன்.

“அதுக்கெல்லாம் மாசக்கணக்கா காத்துனு இருக்கணும் நைனா. சிறுகீரைன்னா இருவத்தஞ்சு நாளு. அதுக்குள்ள இன்னா வந்துடப் போவுது?”

அந்த இருபத்தைந்து நாளுக்குள் எதுவும் வரலாம் என்பதைப் பிறகு நானே பார்த்தேன்.

சித்திரையில் வருவது உப்பு. 1960களில் மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, ஆலைகளுக்கும் நகரத்துக்கும் இறைத்தார்கள். நிலத்தடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்தது. அந்தக் கதையை ஆயா நாக்கால் படிக்கிறார். காலையில் மோட்டாரைப் போட்டதும் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைப்பார். கரித்தால் அன்றைக்குப் பாலக்குக்கு மட்டும்தான் பாய்ச்சல். அது உப்பைக் கொஞ்சம் தாங்கும். சிறுகீரையின் நுனி தீய்ந்துவிடும்.

இதே மாதத்தில்தான் எருவுக்கும் தட்டுப்பாடு. மணலியில் பெரிய உரத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் ‘விஜய்’ மூட்டையை வெளியூர் வயல்களில் பார்த்திருக்கிறேன். ஆயாவின் பாத்திக்குச் சத்து வருவதோ காசிமேட்டிலிருந்து. மீன் செதிலும் குடலும் எடைக்கு எடை நாட்டுச் சர்க்கரையோடு டிரம்மில் ஊறி, மூன்று வாரம் கழித்து மீன் அமிலமாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதனால் பங்குனியிலேயே டிரம்மை நிரப்பிவிடுவார். மீனுக்குத் தடைக்காலம் என்றால் கீரைக்கும் தடைக்காலம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆயா தேடுவது பட்டத்தை அல்ல, காற்றை. மேல்காற்று வீசும் மாதங்களில் மணலியின் கந்தக நெடி தோட்டத்தில் வந்து நிற்கும். மணல் கலந்த விதையைத் தூவி, எறும்பு இழுக்காமல் சுற்றிலும் சாம்பல் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சுவார். நெடி இருக்கும்வரை அடைமழை இல்லை என்பது அவர் கணக்கு. தமிழில் வாடை என்றால் வடகாற்று. நாற்றத்துக்கும் அதே சொல். எங்கள் பக்கம் ஒரு வாடை போனால்தான் மற்ற வாடை வரும். ஐப்பசியில் காற்று கடல் பக்கம் திரும்பி, நெடி ஒருநாள் காணாமல் போகும். அன்றைக்கே வடிகால் வெட்டத் தொடங்குவார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த வடிகாலில் வெள்ளம் எதிர்த்து ஏறியது. மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம்வரை போய், கொசஸ்தலையாற்று அலையாத்தி வேர்களையும் மீனவர்களின் வலைகளையும் கருப்பாக்கியது. அது ஊரறிந்த செய்தி. ஆயாவின் தோட்டத்தில் தண்ணீர் வடிந்த பிறகு, வேலிக் குச்சிகளில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாகக் கருங்கோடு. பதினெட்டு நாள் கீரை பாத்தியில் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் யாரோ, நன்றாக அலசினால் விற்றுவிடலாம் என்றார்கள். ஆயா ஒரு தண்டைக் கிள்ளி முகர்ந்தார். “என் பேரன் துன்னாத கீரைய ஊரான் புள்ளைக்கு எப்டி குடுக்குறது?” என்று மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டார். மேல்மண்ணை வழித்தெடுக்கவே ஒரு மாதம் ஆனது.

தையில் மறுபடி விதைத்தார். பனி ஈரத்தில் இலை அகலமாக வரும் மாதங்கள் இவை. மாசியில் தியாகராசர் கோயிலில் மகிழடி சேவை நடக்கும் சமயத்தில், தேரடியில் ஆயாவின் கட்டுகள் வெயில் ஏறுமுன் தீர்ந்துவிட்டன.

அந்த மாசியில்தான் ஒன்றைக் கவனித்தேன். பாத்திகளெல்லாம் பறித்துச் சுத்தமாக இருக்க, மூலையில் ஒரு கட்டில் அளவு இடத்தில் மட்டும் கீரை இடுப்புயரம் வளர்ந்து கதிர் தள்ளியிருந்தது. மறந்துவிட்டாரோ என்று அரிவாளை எடுத்தேன்.

“ஏய், அத்த தொடாத. வெதைக்கு வுட்டுருக்கேன்.”

விதை முற்றப் பங்குனி ஆகும். விதைத்த நாளிலிருந்து மூன்று மாதம். கத்திரிக்குக் காத்திருக்க முடியாது என்றவர்தான் இதைச் சொல்கிறார். “அதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டா?” என்றேன்.

“நெலம் அவங்களுது. வெதைய முந்தானைல முடிஞ்சினு போக யாரக் கேக்கணும்?”

புயலுக்குப் பிறகு தூவிய விதை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அந்த மூலையை மிதிக்காமல் வேலியோரமாகச் சுற்றி வெளியே வந்தேன்.