கொழுந்து வாட்டிய மாடியில் ஓரிரவு

இலங்கை மலைநாட்டிலே நுவரெலியாவுக்கு அணித்தாய்க் கந்தப்பளை என்னும் ஊர் உண்டு. ஆங்குக் கடல்மட்டத்திற்கு 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே, ஹெதர்செட் என்னும் பழைய தேயிலைத் தொழிற்சாலை நிற்கின்றது. வேலை ஓய்ந்து பல்லாண்டு வெறிதே கிடந்த அக்கட்டடம், 1996ஆம் ஆண்டு முதல் விருந்தினர் தங்கும் விடுதியாக விளங்குகின்றது. சென்ற கோடை விடுமுறையில் யாமும் எம் அன்னையாரும் அங்கு ஓரிரவு தங்கினோம்.

தகரம் போர்த்த சுவர்களும் வரிசை வரிசையான சன்னல்களும் பண்டைத் தோற்றம் மாறாதிருக்கின்றன. கீழ்த்தளத்தில் பழைய எந்திரம் துடைத்து எண்ணெயிட்டுக் காக்கப்படுகின்றது. மேல்மாடிகளே இன்று படுக்கையறைகள். முன்னாளில் அவை கொழுந்து வாட்டும் தளங்கள். பறித்த கொழுந்தை ஆங்குத் தட்டுக்களில் மெல்லிதாய்ப் பரப்பிப் பல மணி நேரம் வாடவிடுவர். நீர் வற்றித் துவண்ட இலையே பொறியிலிட்டு உருட்டுதற்கு இசையும். துவளாதது நொறுங்கிப் பாழாகும். ஆதலின் காற்று நன்கு உலவுமாறு மாடி முழுதும் சன்னல் அமைத்தனர்.

அச்சன்னல்களை எம் அன்னையார் நெடுநேரம் நோக்கி நின்றார். அவர் இம்மலைநாட்டுத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவர். லயமாவது முதுகோடு முதுகு ஒட்டிய அறைகளின் வரிசை. குடும்பமொன்றுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடியளவில் ஒரு காம்பரா. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகுத்தது. முன்னைய தொகையுள் ஒருவராய், 1974இல், தம் ஆறாம் வயதில், தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் வந்தவர் எம் அன்னையார்.

“எங்கள் காம்பராவுக்குச் சன்னலே கிடையாது. அடுப்புப் புகையும் கதவு வழியாகத்தான் போகவேண்டும். இலைக்கு இத்தனை சன்னலா!” என்றார் அவர்.

தேநீர் கொணர்ந்த இளைஞர் தமிழரே. “தம்பிக்கு வீடு எங்கே?” என அன்னையார் வினவினார். “பக்கத்துத் தோட்டத்து லயம்தான், அம்மா. எங்கள் தாத்தா இந்த மாடியில் கொழுந்து வாட்டியவர். அவர் இருந்த காம்பராவில்தான் நாங்களும் இருக்கிறோம். கூரைத் தகரத்தை மட்டும் மாற்றினோம்” என்றார். அன்னையார் மேலும் வினவவில்லை. அவரை அமரச் செய்து, கிண்ணத்தில் இருந்த பலகாரத்திற் பாதியை அவர் கையில் வைத்தார். அவர் தயங்கி, அப்பாலிருந்த மேற்பார்வையாளரை நோக்கிய பின்னரே பெற்றுக்கொண்டார்.

வெளியே பனியும் குளிரும் மிகுந்திருந்தன. எம் அறையோ கதகதப்பாயிருந்தது. அன்றிரவு யாம் நன்கு உறங்கினோம்; அதனைச் சொல்லக் கூசுகின்றோம். விழித்தபோது அன்னையார் சன்னலைத் திறந்துவைத்து, கூடை சுமந்து மலையேறும் பெண்களைப் பார்த்திருந்தார்.

பழைய கட்டடத்தை இடியாது காத்தவர் பாராட்டுக்குரியர், அதில் ஐயமில்லை. எனினும், பழைய எந்திரத்திற்கு எண்ணெயிடும் பரிவு, அதனை ஓட்டினார்தம் மக்கள் வாழும் காம்பராவிற்கு ஒரு சன்னல் அளவேனும் எட்டுமாயின், காத்தல் என்னும் சொல் பொருள் நிரம்பும்.