ஓரம் இல்லாத வானம்

திருவண்ணாமலையில் பிறந்தவன் நான். மலையின்மீது ஏறிய நாட்களைவிட அதைச் சுற்றி நடந்த நாட்களே என் இளமையில் மிகுதி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாட்டியின் விரலைப் பற்றிக்கொண்டு நடக்கும்போது, என் கண்கள் மலையுச்சியையே நாடும். அங்கே பருந்துகள் சிறகை ஒருமுறைகூட அசைக்காமல் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். "அதெப்படிப் பாட்டி கீழே விழாம இருக்கு?" என்பேன். "அண்ணாமலையார் தாங்குறார்" என்பார் பாட்டி. வெயிலில் சூடேறும் பாறை தன்னைத் தொட்ட காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று எடை குறைந்து மேலெழுகிறது. பருந்து அதில் ஏறி மிதக்கிறது என்று பின்னாளில் கற்றேன். பாட்டி சொன்னதில் பெரிய பிழை ஒன்றுமில்லை, தாங்குவது மலைதான்.

அந்தப் பருந்துகளே என்னை 2007ஆம் ஆண்டில் பெங்களூரின் வடபுறத்திலுள்ள ஜக்கூர் வான்தளத்திற்கு இட்டுச்சென்றன எனலாம். அங்கே நான் முதன்முதலாகக் கண்ட வானூர்தி என்னைச் சற்றே ஏமாற்றியது. அலுமினியக் குழாய்களால் ஆன எலும்புக்கூடு. அதன்மேல் பாய்மரத் துணிபோல் இழுத்துக் கட்டிய செயற்கைத் துணி. அருகருகே இரண்டு இருக்கைகள். மூக்கில் ஓர் இயந்திரம். ஆட்கள் இருவரும் எரிபொருளும் சேர்ந்தே ஏறத்தாழ 450 கிலோதான். அல்ட்ராலைட் என்றும் மைக்ரோலைட் என்றும் இவ்வகையை அழைப்பார்கள். பெங்களூரிலேயே உருவாக்கப்பட்ட எக்ஸ்-ஏர் என்னும் வகை அது. இதையா நம்பி ஏறுவது என்று தயங்கினேன். ஆனால் அதே ஆண்டில்தான், இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு சிறு வானூர்தியில் இந்திய விமானப்படையின் விங் கமாண்டர்கள் ராகுல் மோங்காவும் அனில் குமாரும் உலகையே சுற்றி வந்தார்கள். 40,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் 80 நாட்களுக்குள் முடிந்தது. அவர்களுக்கு முன்பே, 1988இல், தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு இத்தகைய சிறு ஊர்தியை ஓட்டி வந்திருந்தார். துணிச் சிறகை எளிதாக எண்ணிவிடக் கூடாது.

ஜக்கூரில் இன்னொரு வியப்பும் எனக்குக் காத்திருந்தது. எங்கள் அண்ணாமலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 814 மீட்டர். பெங்களூரின் தரையோ 900 மீட்டருக்கு மேல். தீபம் எரியும் உச்சியைக் காட்டிலும் உயரமான ஓரிடத்தில், இன்னும் பறக்கத் தொடங்காமலேயே நின்றுகொண்டிருந்தேன்! சிரிப்பு வந்தது.

பயிற்சி பெரும்பாலும் விடியற்காலையில் நடக்கும். வெயில் ஏறினால் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்று, எடையற்ற எங்கள் ஊர்தியைக் காகிதம்போல் தூக்கிப்போடும். பருந்துக்கு வரமாக அமைந்தது எங்களுக்குத் தொல்லை. மாணவர்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். ஒருவர் பல் மருத்துவர். ஒருவர் கல்லூரி மாணவர். ஒரு பெண் வங்கி அலுவலர். எங்கள் அனைவருக்கும் மூத்தவர், இயந்திரங்களைப் பேணிவந்த பெரியவர். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர். எங்களை வயது பாராமல் "தம்பி", "பாப்பா" என்றே அழைப்பார்.

நான் முதன்முறை தனியாகப் பறக்க வேண்டிய நாள் வந்தது. முந்தைய இரவு நல்ல மழை. நான் வந்துசேரத் தாமதமாகிவிட்டது. பறப்பதற்கு முன் எரிபொருள் கலத்தின் அடியிலிருந்து சிறிதளவு பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. பெட்ரோலைவிட நீர் கனமானது. கலந்திருந்தால் அடியில் முத்துபோல் தங்கி நிற்கும். நேற்றுப் பார்த்ததுதானே என்று அதை மட்டும் விட்டுவிட்டு இருக்கையில் அமர்ந்தேன்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. குப்பியை எடுத்துவந்து வடித்தார். எழுகின்ற சூரியனுக்கு நேரே பிடித்துக் காட்டினார். அடியில் மொச்சைக்கொட்டை அளவு நீர் உருண்டு நின்றது.

"வண்டி நின்னுபோனா ரோட்டு ஓரமா நிறுத்தலாம் தம்பி. மேல ஓரம் கிடையாது."

அன்று நான் பறக்கவில்லை. எல்லோர் முன்னும் தலைகுனிந்து தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்தேன். கேலி செய்வார்கள் என எதிர்பார்த்தேன். பல் மருத்துவர், இருக்கைப் பட்டையைப் பூட்டாமல் தாம் ஓடுபாதையின் பாதிவரை போன கதையைத் தொடங்கினார். வங்கி அலுவலர், காற்றின் திசையைத் தவறாகக் கணித்துத் தரையிறங்க முயன்றதைச் சொன்னார். கடைசியில் எங்கள் பயிற்றுநரும் தம் இளமைக்காலப் பிழையொன்றை அவிழ்த்தார். அது எங்கள் எல்லாருடையதையும் விடப் பெரிது. வேறெந்த அவையிலும் மனிதர்கள் தங்கள் வெற்றிகளையே எடுத்துரைக்கக் கேட்டிருக்கிறேன். இங்கே ஒவ்வொருவரும் தம் தவற்றை அடுத்தவருக்குக் கொடையாகத் தந்துகொண்டிருந்தனர். அந்தக் கதைகள் இன்றும் எனக்கு மனப்பாடம். பட்டையைப் பூட்டும்போதெல்லாம் அந்த மருத்துவரை நினைத்துக்கொள்வேன்.

மறுவாரம் தனியாகப் பறந்தேன். பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் இல்லாததால் எடை குறைந்து, ஊர்தி எதிர்பார்த்ததைவிட விரைவாக மேலெழுந்தது. அந்த வெற்றிருக்கையைத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. வான்தளத்தை ஒருமுறை சுற்றி வந்து தரையிறங்கினேன். பத்து நிமிடம்கூட ஆகியிராது. கீழே ஐந்து பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தனர். பெரியவரின் கையில் அந்தக் குப்பி இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு கார்த்திகைத் தீபத்திற்கு அவர்களை என் ஊருக்கு அழைத்தேன். பெரியவரும் மருத்துவரும் வங்கி அலுவலரும் வந்தனர். மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றோம். உச்சியில் சுடர் எழுந்ததும் தெருவெங்கும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்னும் முழக்கம் கிளம்பியது. எங்கள் மாடியில் மட்டும் ஒரு கணம் பேச்சில்லை. நால்வரும் சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வடகிழக்குக் காத்து," என்றார் பெரியவர், கண்களைச் சுருக்கியபடி. "கொஞ்சம் வலுதான். இன்னைக்கு வேண்டாம் தம்பி."

பிறகுதான் எங்களுக்குக் கைகூப்ப நினைவு வந்தது.